ஓடு உடைத்தால் ஆசானா?



முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் புதுக்கோட்டைக் கீழராஜவீதியிலும், அறந்தாங்கி, ஆலங்குடி கடைவீதிகளிலும் தற்காப்புக் கலைப் பள்ளிகளின் சுவரொட்டிகள் முளைத்துவிடும். கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் என்று பெயர்கள் இருக்கும். ஒரு படத்தில் ஆசான் ஒரே அடியில் பத்து ஓடுகளை நொறுக்கிக் கொண்டிருப்பார். 'ஆறே மாதத்தில் கருப்புப் பட்டை' என்றும் எழுதியிருப்பார்கள். சேரலாமா, வேண்டாமா? ஆசானுக்கு உண்மையிலேயே வித்தை தெரியுமா? இந்தக் கேள்விக்குப் பாதி விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஓட்டிலிருந்தே தொடங்குவோம். ஒரு பெட்டிச் சாக்குக்கட்டியும் ஒரு துணிப்பையும் கொஞ்சம் மணலும் போதும். இரண்டு புத்தக அடுக்குகளை 6 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். அவற்றின் மேல் ஒரு சாக்குக்கட்டியைப் பாலம் போலக் கிடத்தி, நடுவில் துணிப்பையைத் தொங்க விடுங்கள். டம்ளர் டம்ளராக மணலைப் போடுங்கள். (கால் பையின் கீழே இருக்க வேண்டாம்!) எத்தனையாவது டம்ளரில் கட்டி முறிந்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். அடுத்து இடைவெளியை 3 சென்டிமீட்டராகக் குறைத்து அதையே செய்யுங்கள். ஏறத்தாழ இரண்டு மடங்கு மணல் தேவைப்படும். கட்டிக்குக் கட்டி வலிமை மாறும் என்பதால், ஒவ்வோர் இடைவெளிக்கும் ஐந்து கட்டிகளை முறித்துச் சராசரி எடுப்பது நல்லது.

ஏன் இப்படி? பாலத்தின் நடுவில் பளு ஏறும்போது அது வளைகிறது. மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. சாக்குக்கட்டி, ஓடு, செங்கல் போன்ற பொருள்கள் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்கா. தாங்கிகள் தள்ளிப் போகப் போக வளைக்கும் விளைவு கூடும். ஆகவே ஓட்டின் இரு முனைகளை மட்டும் கல்லின் மேல் வைத்து நடுவில் அடிப்பவருக்கு வேலை எளிது. அதே ஓட்டைத் தரையில் சமமாகக் கிடத்தி அடிக்கச் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் முன்வர மாட்டார்.

பத்து ஓட்டு அடுக்கிலும் ஒரு சங்கதி உண்டு. ஓடுகளுக்கு இடையே சிறு துண்டுகளைச் செருகி இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். இடைவெளி இருந்தால் பத்தும் ஒரே நேரத்தில் உடைய வேண்டியதில்லை. முதல் ஓடு உடைந்து இரண்டாவதன் மேல் விழும். அது மூன்றாவதன் மேல் விழும். இடைவெளியின்றி ஒட்டி அடுக்கிய பத்து ஓடுகளை உடைப்பது முற்றிலும் வேறு காரியம்.

அப்படியானால் ஓடு உடைப்பதெல்லாம் ஏமாற்றா? இல்லை. 1979இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்டு மெக்நேர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவர் கராத்தேயின் இயற்பியலைப் பற்றி எழுதினார்கள். தேர்ந்த வீரரின் கை விநாடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகம் எட்டும், 3,000 நியூட்டனுக்கு மேல் விசை தரும் என்று அவர்கள் காட்டினார்கள். மெக்நேர் லேசர் ஆராய்ச்சியாளர். கருப்புப் பட்டை பெற்ற கராத்தே ஆசிரியரும்கூட. பின்னர் விண்வெளி வீரராகி, 1986இல் சேலஞ்சர் விபத்தில் உயிரிழந்தார். தன் கலையைத் தானே அளந்து பார்க்கத் துணிந்த ஆசான் அவர்! ஆக, ஓடு உடைப்பவரிடம் வேகம் இருக்கிறது என்பது மெய். ஆனால் ஓடு நகராது, திருப்பி அடிக்காது. ஒருவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்பதை ஓட்டிடம் கேட்டறிய முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஓடு உடைக்க வைக்கும் பள்ளியை நான் தயங்காமல் தள்ளிவிடுவேன். அந்த வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்பு இருக்கிறது. அங்கே அடிபட்டால் விரல் கோணலாக வளரக்கூடும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். தொடாமலே ஆளை வீழ்த்துவதாகச் சொல்வார்கள். 2011இல் '7ஆம் அறிவு' திரைப்படம் வந்தபின் 'நோக்கு வர்மம்' என்ற சொல் நம் ஊர்ப் பிள்ளைகள் வாயில் புகுந்துவிட்டது. ஜப்பானில் யானகி ரியூகென் என்ற முதியவர், கையை அசைத்தாலே தம் சீடர்கள் வரிசையாகச் சுருண்டு விழுவதைக் காட்டி வந்தார். 2006இல் பந்தயம் கட்டி, வெளியாளான ஒரு சண்டை வீரரோடு மோதினார். கையசைவு பலிக்கவில்லை, அடி வாங்கித் தோற்றார். சீடர்கள் விழுந்தது பொய் சொல்வதற்காக என்று கொள்ள வேண்டியதில்லை. விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவன், தன்னை அறியாமலே விழுவான்.

இதைச் சோதிக்கச் சண்டையே தேவையில்லை. ஆசானுக்கும் மாணவனுக்கும் நடுவே ஒரு திரை கட்டுங்கள். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஆசான் 'சக்தியை' அனுப்பட்டும். பூ விழுந்தால் சும்மா இருக்கட்டும். சக்தி வந்ததா இல்லையா என்று மாணவன் ஒவ்வொரு முறையும் எழுதட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்துக்கு ஐந்து சரியாக வரும். பத்தும் சரியாக அமைய 1,024இல் ஒரு வாய்ப்புத்தான். இந்தச் சோதனைக்கு ஆசான் கோபித்துக் கொண்டால், அதையும் குறிப்பேட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இது பழங்காலத்து வழக்கமன்று. ஜப்பானில் 1882இல் ஜூடோ பள்ளி தொடங்கிய கானோ ஜிகோரோ ஏற்படுத்திய தரவரிசை முறையை, 1920களில் கராத்தே எடுத்துக் கொண்டது. கராத்தேயில் ஒரு பள்ளியின் கருப்புப் பட்டைக்கும் இன்னொரு பள்ளியின் கருப்புப் பட்டைக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. டேக்வாண்டோ என்றால் தென்கொரியத் தலைநகர் சியோலில் உள்ள குக்கிவான் நிறுவனம் தரும் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். சிலம்ப வாத்தியார்களுக்கோ மரபில் பட்டையே இல்லை. யாரிடம் கற்றீர்கள், காலடி வரிசையை எத்தனை நாள் பயிற்றுவீர்கள், உங்கள் மாணவர்கள் தொடுமுறைப் போட்டியில் இறங்கியதுண்டா என்று கேளுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பமும் இருப்பதால், விடையைச் சரிபார்க்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிப்பதும் எளிது.

சான்றிதழைச் சரிபார்ப்பது வெட்டி வேலை என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் 'என்.சி.சி. முகாம்' என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. அங்கே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. அது உண்மையான என்.சி.சி. முகாமே அல்ல என்பது அதற்குப் பிறகுதான் வெளியில் தெரிந்தது. முன்கூட்டியே ஒருவர் விசாரித்திருந்தால் போதும். பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது என்கிற பள்ளி, தனியே வரச் சொல்கிற ஆசான், 'இதை வீட்டில் சொல்லாதே' என்கிற பேச்சு இவற்றில் எது இருந்தாலும் அன்றே விலகிவிடுங்கள், வீட்டில் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் மாலை அப்பாவையோ அக்காவையோ அழைத்துக் கொண்டு போய், ஓரமாக உட்கார்ந்து முழு வகுப்பையும் பாருங்கள். உடலைச் சூடுபடுத்தும் பயிற்சி நடக்கிறதா? அடிபட்ட பையனை உட்கார வைக்கிறார்களா, அல்லது 'வீரன் அழமாட்டான்' என்று தொடரச் சொல்கிறார்களா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எத்தனை நிமிடம் பயின்றார்கள், ஆசான் எத்தனை நிமிடம் தம் பெருமை பேசினார் என்று குறித்து வாருங்கள்.