சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

பங்காருபாளையத்தில் மூட்டுவலி, அசதி என்று நாமாகவே வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரையையும் மூலிகைப் பொடியையும் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. சித்தூர் அரசு மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ, “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டால், “ஒண்ணும் இல்லைங்க” என்றுதான் சொல்கிறோம். அந்த ஒரு பதிலால் நோயின் காரணமே தெரியாமல் போய்விடலாம்.

எதைப் புதிதாகத் தொடங்கினாலும் டப்பாவின் மேல் அன்றைய தேதியை எழுதுங்கள். ஒரே சமயத்தில் இரண்டைத் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது புரியாது.

அடுத்தது, உடம்பைக் கவனிப்பது. கெடுதல் மறுநாளே தெரியும் என்று நினைக்காதீர்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்தது. பலருக்கு அது தெரியவே வாரக்கணக்கில் ஆனது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இப்படி வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்குச் சீந்தில்தான் காரணம் என்பதை ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பிறகு நாட்டின் 13 மருத்துவ மையங்களில் கண்ட 43 பேரின் விவரமும் வெளிவந்தது. ஆகவே சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, பசி செத்து உடம்பு அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். தேறிய பிறகு “இன்னொரு தடவை பார்ப்போம்” என்று தொடவே கூடாது. இரண்டாம் முறை இன்னும் கடுமையாகலாம்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, புத்தித் தடுமாற்றம் வரும், சிறுநீரகமும் கெடும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. தார் போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு போனால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம்.

உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை இரும்பு மாத்திரைகளை விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், வாந்தி எடுக்கவும் வைக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாமாக வாங்கியதை நாமே நிறுத்தலாம். கர்ப்பிணிக்கு டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை, சர்க்கரை, பி.பி. மாத்திரைகளைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

டப்பாவை எறியாதீர்கள். தயாரிப்பு எண்ணும் உரிம எண்ணும் அதில்தான் இருக்கின்றன. வீட்டிலுள்ள எல்லா டப்பாவையும், நாட்டு வைத்தியர் கொடுத்த பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் வையுங்கள். பிறகு 1800-180-3024-க்குச் சொல்லுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தர ஆணையம், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய வைத்திருக்கும் இலவச எண் இது. டாக்டர்தான் பேச வேண்டும் என்பதில்லை, பாதிக்கப்பட்டவரே பேசலாம்.