தானியங்கிக் கியரை நீக்கிக் கைக்கியர் அமைத்தல்

மோட்டார் வண்டியின் இயந்திரம் ஒருமுறை உயிர்பெற்றபின் ஓயாது சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். சக்கரமோ சாரதி விரும்பியபோது நிற்றல் வேண்டும். இவ்விரண்டின் பிணக்கையும் தீர்க்க நடுவே ஓர் இணைப்பு வேண்டப்படும். கைக்கியர் வண்டியில் அது கிளச்சு. தானியங்கி வண்டியிலோ எண்ணெய் நிறைந்த கலம் ஒன்று அவ்வேலையைச் செய்கின்றது. இயந்திரத்தாற் சுழற்றப்படும் எண்ணெய் எதிரேயுள்ள சிறகுகளில் மோதி அவற்றையும் சுழலச் செய்யும். ஜெர்மானியராகிய ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-ல் கப்பல்களின் பொருட்டுக் கண்ட முறை இதற்கு மூலம். அமெரிக்க ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் 1940-ஆம் ஆண்டு மாதிரி முதலாக ஹைட்ராமாட்டிக் என்னும் பெயரோடு தானியங்கிக் கியர் அமைந்த பின்னரே அது பொதுமக்கள் கைக்கு எட்டிற்று.

அங்ஙனம் வருந்திக் கண்ட வசதியை விலைகொடுத்து நீக்குவாரும் உளர். நியூசிலாந்தில், ஜப்பானைப் போலவே, சாலையின் இடப்பக்கமாக வண்டி செலுத்துவர். ஆதலின் ஜப்பானியர் ஓட்டிக் கழித்த வண்டிகள் 1980-களின் இறுதி தொடங்கி ஆங்குப் பெருவாரியாக வந்திறங்கின. 1998-ல் மோட்டார் வண்டிகளின் மேலிருந்த இறக்குமதித் தீர்வை நீங்கிற்று. அவ்வாண்டிலேயே அந்நாட்டில் எஞ்சியிருந்த வண்டி பொருத்தும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. வந்தவற்றுள் இளைஞர் உள்ளங் கவர்ந்தது ஒன்று, 1996 முதல் 2001 வரை வெளிவந்த டொயோட்டா சேசர், ஜே.இசட்.எக்ஸ். 100 வகை. அதன் ‘டூரர் வி’ என்னும் பிரிவு 2.5 லிட்டர் டர்போ இயந்திரமும் 280 குதிரைத்திறனும் உடையது. அதில் ஐந்து கியர் உள்ள ஆர். 154 கைப்பெட்டியும் உண்டு, நான்கு கியர் உள்ள தானியங்கியும் உண்டு. கைப்பெட்டி உள்ளதை நாடுவோர் மிகுதலின் அதன் விலை ஏறிற்று. எனவே விலை குறைந்த தானியங்கியை வாங்கி மாற்றிக்கொள்ளுதல் வழக்கமாயிற்று.

பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டுதல் ஒரு பொருட்டன்று என எண்ணுவார் பலர். உண்மை அதுவன்று. முதலாவது, தானியங்கியில் எண்ணெய்க் கலத்தின் பாரமே இயந்திரத்தின் சுழற்சியைச் சீர்செய்தலின் கிராங்கு ஷாப்டின் முனையில் மெல்லிய தகடு ஒன்றே இருக்கும். அதனை அகற்றிக் கனத்த ஃபிளைவீலை அமைத்தல் வேண்டும். அதற்குரிய போல்ட்டுகளின் நீளமும் பெரும்பாலும் வேறு. இரண்டாவது, கைப்பெட்டியின் உள்நுழை ஷாப்டு, தன் நுனியைக் கிராங்கு ஷாப்டின் நடுவிலுள்ள சிறு பேரிங்கில் ஊன்றி நிற்பது. தானியங்கிக்கு அது வேண்டாமையின் ஆண்டு அது இராது. விரலளவான இப்பேரிங்கை மறந்தவர், எல்லாம் பூட்டிய பின்னர், ஷாப்டு தள்ளாடக் கண்டு மீண்டும் பெட்டியை இறக்க நேரும். பின்னர்க் கிளச்சுத் தட்டு, பெடல், அப்பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியே கொண்டுசெல்லும் இரு சிலிண்டர்கள், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகியன. பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட ஷாப்டின் அளவு ஒவ்வாதாயின் அதனையும் மாற்றுதல் வேண்டும். இவையனைத்தும் விபத்துற்ற அதே வகைக் கைக்கியர் வண்டி ஒன்றிலிருந்து ஒருசேரக் கிடைப்பின் நலம். ஒவ்வொன்றாய்த் தேடுவோன் பணத்தோடு பொறுமையையும் இழப்பன்.

கிளச்சு என்பதனைப் ‘பற்றி’ எனத் தமிழில் வழங்கலாம் என்பது அடியேன் கருத்து. பற்றுதலும் விடுதலுமே அதன் தொழில். பட்டறைக்காரர் ஏற்பாரோ, அறியேன்.

இனி, இரும்பினும் கம்பியே மிக்க தொல்லை தருவது. பல வண்டிகளில் இயந்திரத்தையும் தானியங்கிப் பெட்டியையும் ஒரே கணிப்பொறி ஆள்கின்றது. பெட்டி போனபின்னும் அது பெட்டியைத் தேடிப் பிழை விளக்கை ஏற்றும். கைக்கியர் வண்டிக்குரிய கணிப்பொறியை இடுதலே நேரிய வழி. வேகமானியின் உணர்கருவியும் பின்செல்கையில் எரியும் விளக்கின் சுவிட்சும் புதிதாய் இணைக்கப்படல் வேண்டும்.

யாவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. தானியங்கி வண்டி, கியர்க்கோல் நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தாலன்றிக் கிளம்பாது. அதனைக் காப்பது பெட்டியிலுள்ள ஒரு சுவிட்சு. பெட்டியோடு அதுவும் போய்விடுதலின், சாவியைத் திருப்பினால் ஓசையொன்றும் எழாது. அவசரக்காரன் அவ்விரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுவன், வண்டியும் கிளம்பும், வேலை முடிந்ததென்று கூலியும் பெறுவன். ஆனால் அன்று முதல் அவ்வண்டி முதற்கியரில் இருக்கும்போது எவரேனும் சாவியைத் திருப்பின், ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலிமையாலேயே முன்னே பாயும். இருநூற்றெண்பது குதிரைத்திறனை விரும்பி வாங்கியவன் இதனை அறிந்திருக்கலாம். இரவல் வாங்கிய நண்பன் அறியான். முன்னே நின்று விளக்கைத் துடைக்கும் தம்பியோ இவ்வபாயத்தைக் கனவிலும் கருதான். அவ்விரு கம்பிகளையும் கிளச்சுப் பெடலின் மேலமைந்த சுவிட்சு ஒன்றின் வழியாக இணைப்பின், பெடலை முற்ற மிதித்தாலன்றி வண்டி எழாது. அதற்காகும் செலவு பெட்டியின் விலையோடு ஒப்பிடின் அற்பம்.

நிறுத்த நிலை என்பதும் இனி இல்லையாதலின், மேட்டில் வண்டியை விடுவோன் கைப்பிரேக்கையே நம்புதல் வேண்டும். அதன் கம்பி தளர்ந்திருப்பின் பெட்டி மாற்றும்போதே இறுக்கிக்கொள்ளல் தக்கது.

யாவும் முடிந்தபின் வண்டியைச் சாலைக்குக் கொணருமுன், பின்பக்கத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, முதற்கியரிலிட்டு, பெடலில் கால் வையாமற் சாவியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுது வண்டி வாய்திறவாதிருத்தல் வேண்டும். முனகினாலும் கம்பிகளை மீண்டும் அவிழ்க்க.