அடைப்பு இல்லை என்றால் அட்டாக் இல்லையா?

அன்புள்ள கண்மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வார்டு போஸ்டிங் தொடங்கியதுமே இப்படி ஒரு கேள்வி உனக்கு எழுந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். நாற்பதுகளில் உள்ள ஒரு பெண்மணி நெஞ்சுவலியோடு வந்தார். இ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தது, டிரோபோனின் ஏறியிருந்தது. ஆஞ்சியோவில் மட்டும் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. "ஒண்ணும் இல்லையாம்" என்று வீட்டார் நிம்மதியாக அழைத்துப் போய்விட்டார்கள். "அடைப்பே இல்லாமல் அட்டாக் எப்படி அத்தை வரும்?" என்று கேட்டிருக்கிறாய்.

வரும். மாரடைப்போடு வருகிறவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு, பெரிய ரத்தக்குழாய் எதிலும் பாதி அளவுக்குக்கூட அடைப்பு இருப்பதில்லை. டாக்டர்கள் இதை 'மினோகா' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆண்களுக்கும் வருவதுதான். ஆனால் மாரடைப்பு வந்த பெண்களிடம் இதன் விகிதம் ஆண்களைவிடத் தெளிவாகவே அதிகம். வயதும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

முதலில் டிரோபோனினைப் புரிந்துகொள். அது இதயத் தசையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் புரதம். உயிரணு சேதமானால்தான் ரத்தத்தில் அதன் அளவு கூடும். சிறுநீரகக் கோளாறு, கடுமையான தொற்று போன்றவற்றிலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் வலி, இ.சி.ஜி. மாற்றம் இரண்டோடும் சேர்ந்து அது ஏறி இறங்கினால், இதயத் தசைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஆஞ்சியோ நார்மல் என்பதால் அந்தச் சேதம் இல்லாமல் போய்விடாது.

ஆஞ்சியோவில் நாம் என்ன பார்க்கிறோம்? மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்துச் சாயத்தை விட்டு, எக்ஸ்ரேயில் படம் பிடிக்கிறோம். சாயம் ஓடும் வழிதான் திரையில் தெரியும். குழாயின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தசைக்குள் பிரிந்து போகும் நுண்ணிய ரத்தநாளங்களும் தெரியாது. காலையில் ஒரு குழாய் இறுகிச் சுருங்கி, வலி கொடுத்து, மதியத்துக்குள் விரிந்துவிட்டால் அதுவும் தெரியாது. இவ்வளவு விஷயம் தப்பிப் போகக்கூடிய ஒரு படத்தை மட்டும் வைத்து "ஒண்ணும் இல்லை" என்று சொல்வதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஹார்மனி ரெனால்ட்ஸ் தலைமையில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு. மாரடைப்போடு வந்து, ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லாத பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். 145 பேருக்கு ஓ.சி.டி. செய்தார்கள். குழாய்க்குள் ஒளியைச் செலுத்தி, சுவரை அடுக்கடுக்காகக் காட்டும் கருவி அது. அவர்களில் 116 பேருக்கு இதய எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த 116 பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குக் காரணம் புலப்பட்டது. காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடந்திருந்தது ரத்த ஓட்டக் குறைவால் வந்த சேதமேதான். மீதிப் பேருக்கு இதயத் தசை அழற்சி போன்ற வேறு நோய்கள்.

காரணங்கள் பல. சிறிய கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, பிறகு தானே கரைந்திருக்கலாம். குழாய் இறுகியிருக்கலாம். பெருந்துயரமோ அதிர்ச்சியோ தாக்கியபின் இதயத்தின் நுனிப்பகுதி சில நாள், சில வாரம் செயல் குன்றிப்போகும் டகோட்சுபோ என்ற நோயும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அது பெரும்பாலும் வருகிறது.

இளம்பெண்கள் விஷயத்தில் நீ மறக்கக் கூடாதது ஸ்காட். பையின் உள்துணி தையல் விட்டுப் பிரிந்து வழியை அடைப்பதுபோல, இதய ரத்தக்குழாயின் சுவருக்குள் ரத்தம் கசிந்து, உட்படலம் உள்பக்கமாகத் தள்ளப்படும். சர்க்கரை, பி.பி., கொழுப்பு என எதுவுமே இல்லாத, புகையைத் தொட்டே பார்க்காத பெண்ணுக்கும் வரும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் வரும் மாரடைப்புகளுக்கு முதன்மையான காரணம் இதுவே. ஆஞ்சியோவில் சில சமயம் நன்றாகத் தெரியும். சில சமயம் தேர்ந்த கண்ணுக்கும் தப்பிவிடும். பச்சை உடம்புக்காரி நெஞ்சு அடைக்கிறது என்றால், வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

காரணத்தை ஏன் இவ்வளவு தோண்ட வேண்டும் என்றால், சிகிச்சை அதைப் பொறுத்தே மாறுகிறது. கொழுப்புப் படிவு என்றால் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் வேண்டும். குழாய் இறுக்கத்துக்குக் கால்சியம் சேனல் பிளாக்கர் வகை மாத்திரைகள். ஸ்காட் என்றால், ரத்த ஓட்டம் சரியாக இருக்கும் பட்சத்தில், பெரும்பாலும் ஸ்டென்ட் வைக்காமல் தானாக ஆற விடுவார்கள். அவசரப்பட்டு ஸ்டென்ட் வைத்தால் பிளவு இன்னும் நீளக்கூடும். எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதினால் சிலருக்குப் பயனில்லை, சிலருக்குக் கெடுதல்.

சும்மா விட்டாலும் ஆபத்துதான். ஸ்வீடனின் இதயநோய்ப் பதிவேட்டிலிருந்து இப்படிப்பட்ட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. சராசரியாக நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 24 சதவீதம் பேருக்கு மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்திருந்தது.

நம் வீட்டுப் பெண்கள் வலியைச் சொல்வதே தாமதம். சமையலை முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. அதோடு தாடை, முதுகு, தோள் வலி, மூச்சிரைப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவையும் சேர்ந்து வரலாம். அப்படி வந்தவுடன் 108ஐ அழைக்கச் சொல். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்த பத்து நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். அது உன் கையில் இருக்கும் வேலை.

அந்தப் பெண்மணி மறுபரிசோதனைக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார். காரணம் எழுதப்படாமல் இருந்தால், "டிரோபோனின் ஏன் ஏறியது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்கும்படி அவருக்கு எடுத்துச் சொல். அவர் தயங்கினால் கூட நின்று நீயே கேள்.

அன்புடன்,
அத்தை