பைத்தானில் டிஎல்எஸ்: சோதனையை அணைக்காமல் டேட்டா அனுப்புவது

சாக்கெட் திறந்து நாலு பைட் அனுப்பத் தெரிந்தவருக்கு, அதே டேட்டாவை டிஎல்எஸ் வழியாக அனுப்புவது கூடுதலாக இரண்டு மூன்று வரி வேலைதான். அந்த வரிகளைத் தப்பாகப் போட்டாலும் புரோகிராம் ஓடும், டேட்டா போய்ச் சேரும். வம்பே அதுதான்.

வழக்கம்போல டிசிபி சாக்கெட்டைத் திறந்து சர்வரோடு இணையுங்கள். அடுத்து எஸ்எஸ்எல் மாட்யூலின் ‘கிரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்ட்’ ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஒரு கான்டெக்ஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கான்டெக்ஸ்டின் ‘ராப் சாக்கெட்’டால் சாக்கெட்டைச் சுற்றுங்கள். பழைய டுடோரியல்களில் மாட்யூலின் கீழேயே நேரடியாக ஒரு ‘ராப் சாக்கெட்’ இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது தானாகச் சான்றிதழைச் சோதிக்காது. பைத்தான் 3.12இல் அதைத் தூக்கியே விட்டார்கள்.

சுற்றும்போது ‘சர்வர் ஹோஸ்ட்நேம்’ கொடுத்தே ஆகவேண்டும். ஒரே ஐபியில் பல தளங்களை வைத்திருக்கும் சர்வர், எந்தச் சான்றிதழை நீட்டுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யும். வந்த சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நம் பக்கம் பார்ப்பதும் அதை வைத்தே.

இப்போது ஓட்டினால் பலருக்கு ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’ என்று வரும். உடனே கூகுளில் தேடி, முதலில் கிடைத்ததை ஒட்டிவிடுவார்கள்: ‘செக் ஹோஸ்ட்நேம்’ ஃபால்ஸ், ‘வெரிஃபை மோட்’ சர்ட் நன். எரர் போய்விடும். டேட்டா என்கிரிப்ட் ஆகித்தான் போகும். யாருக்குப் போகிறது என்பதுதான் தெரியாது. நடுவில் ஒருவன் தானே தயாரித்த சான்றிதழை நீட்டினாலும் புரோகிராம் தலையாட்டிவிட்டுப் பாஸ்வேர்டை அவனிடம் கொடுத்துவிடும். வாசலில் நிற்பவன் யாரென்று கேட்காமல் ரிஜிஸ்டர் தபாலை நீட்டிய மாதிரி. ‘டெஸ்டிங்குக்கு மட்டும்’ என்று கமென்ட் போட்ட வரிதான் புரொடக்‌ஷனில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

எரரை அணைப்பதை விட்டுவிட்டு அதன் கடைசிப் பகுதியைப் படியுங்கள். காரணத்தை அதுவே சொல்கிறது. ‘செல்ஃப் சைன்டு’ என்றால், அது உங்கள் சொந்த சர்வராக இருந்தால், அதன் சான்றிதழ் ஃபைலைக் கான்டெக்ஸ்ட் உருவாக்கும்போது ‘சிஏஃபைல்’ ஆகக் கொடுங்கள். ‘ஐபி அட்ரஸ் மிஸ்மேட்ச்’ என்றால் பெயர் கொடுக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஐபியைக் கொடுத்திருப்பீர்கள். ‘நாட் யெட் வேலிட்’ என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நெட்டிலிருந்து நேரம் வாங்கும்வரை அது பழைய தேதியில்தான் இருக்கும்.

ஆளை அலைக்கழிப்பது ‘அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூவர் சர்டிஃபிகேட்’. மேக்கில் பைத்தான் தளத்தின் இன்ஸ்டாலரைப் போட்டவர்கள் முதலில் அதோடு வரும் ‘இன்ஸ்டால் சர்டிஃபிகேட்ஸ்’ கமாண்டை ஓட்டிவிடுங்கள். மற்றவர்களுக்கு, பிரவுசரில் அதே தளம் ஜம்மென்று திறக்கும், புரோகிராம் மட்டும் அடம்பிடிக்கும். சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி, அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டதுதான் பெரும்பாலும் காரணம். பிரவுசர்கள் விட்டுப்போனதைத் தாங்களே தேடி நிரப்பிக்கொள்ளும், பைத்தான் நிரப்பாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ் கிளையன்ட்’டை ‘ஷோசர்ட்ஸ்’ ஆப்ஷனோடு ஓட்டி எத்தனை சான்றிதழ் வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று வந்தால் கோளாறு சர்வர் பக்கம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை சர்ட்பாட் மூலம் எடுத்திருந்தால், சர்வர் கான்ஃபிகில் ‘சர்ட்.பெம்’ இருக்கும் இடத்தில் ‘ஃபுல்செயின்.பெம்’ போட்டால் தீர்ந்தது.

அனுப்புவதற்கு ‘சென்ட்ஆல்’ மட்டும்தான். ‘சென்ட்’ பாதியை அனுப்பிவிட்டு எத்தனை பைட் போனது என்று மட்டும் சொல்லக்கூடும். மீதியை அனுப்புவது உங்கள் தலைவலி. நீங்கள் ஒரே தடவையில் அனுப்பியது எதிர்முனையில் ஒரே தடவையில் வரும் என்றும் எண்ணாதீர்கள். ஒரு டிஎல்எஸ் ரெக்கார்டில் அதிகபட்சம் 16,384 பைட்தான் கொள்ளும், அதற்கு மேல் துண்டாகிவிடும். ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புங்கள். வாங்குபவர் அத்தனை பைட் சேரும்வரை லூப்பில் படிக்கட்டும்.

‘செலக்ட்’ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: சாக்கெட்டில் ஒன்றுமில்லை என்று அது சொல்லும்போதும், டிஎல்எஸ் அடுக்குக்குள் ஏற்கெனவே பிரித்த டேட்டா தங்கியிருக்கலாம். ‘பெண்டிங்’கைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

முடித்ததும் ‘அன்ராப்’, பிறகு ‘குளோஸ்’. ‘இத்தோடு முடிந்தது’ என்ற தகவல் போகாவிட்டால், இணைப்பு முறையாக முடிந்ததா, யாராவது நடுவில் வெட்டினார்களா என்று எதிர்முனைக்குத் தெரியாது.

கடைசியாக, பேட்எஸ்எஸ்எல் தளத்தில் காலாவதியான சான்றிதழ், பெயர் பொருந்தாத சான்றிதழ், செல்ஃப் சைன்டு சான்றிதழ் என்று வேண்டுமென்றே கெடுத்து வைத்த முகவரிகள் இருக்கின்றன. மூன்றோடும் இணைத்துப் பாருங்கள். மூன்றிலும் புரோகிராம் எரர் அடித்து நிற்கவேண்டும். ஒன்றில் இணைந்துவிட்டாலும் கோடு முழுக்க ‘சர்ட் நன்’ தேடுங்கள். உங்கள் ஃபைலில் இல்லையென்றால் நீங்கள் இறக்கிய லைப்ரரிகளுக்குள் தேடுங்கள்.