தாள் சொன்னதற்காகப் பாட்டை நிறுத்துவதா?

கேள்வி: தினமும் பூதிகோட்டையிலிருந்து பங்காருப்பேட்டை வந்து, ரயில் பிடித்து பெங்களூரு கல்லூரிக்குப் போகிறேன். பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் வைத்த ஆளுமைத் தேர்வில் எனக்கு 'ஐ.என்.எஃப்.பி.' என்று வந்தது. படித்தால் அச்சு அசல் நானேதான்! "நீ தனிமை விரும்பி. சேல்ஸ் வேலை உனக்கு ஒத்துவராது, ஆன்மிகத்திலும் தியானம்தான் உன் வழி" என்றார் பயிற்சியாளர். வெள்ளிக்கிழமை பஜனையில் பாடுவதை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம். ஆண்டர்சன்பேட்டைத் தோழியோ, சர்ச் முகாமில் கற்ற ஒன்பது வகைக் கணக்குப்படி நான் 'நாலாம் நம்பர்' என்கிறாள். எதை நம்புவது?
- பெயர் வேண்டாம், பூதிகோட்டை

பதில்: அந்த 'அச்சு அசல் நானேதான்' என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு முடிவுத்தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! எல்லார் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பகுதி கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

உங்கள் தேர்வில் ஐ.என்.எஃப்.பி. உள்ளிட்ட பதினாறு வகைகளும், உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய நூலை வைத்து கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் வகுத்தவை. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. சேல்ஸ் ஒத்துவராது என்றவர் அதைப் படிக்கவில்லை போலும்.

தோழியின் கணக்கு, 'எனியாகிராம்' என்பது, வேறு ரகம். ஆஸ்கர் இச்சாஸோ என்ற ஆன்மிக ஆசிரியரிடமிருந்து கிளாடியோ நராஞ்ஹோ என்ற மனநல மருத்துவர் கற்றது; 1970களில் இயேசு சபையினர் வழியாகத் தியான முகாம்களுக்குள் வந்தது. அறிவியல் சான்று இதற்கும் குறைவுதான். ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குற்றத்தைச் சேர்த்தே வைத்திருக்கிறது. நாலாம் எண்ணுக்குப் பொறாமை. உங்களைக் குளிர்விக்கும் தாளைவிட, சுருக்கென்று குத்தும் தாள் ஆன்மிகத்துக்கு உதவும். எதைக் குணம் என்று பெயர் வைத்து ஒளித்திருக்கிறோம் என்று பார்க்க வைக்குமே! நீங்கள் பாட்டை விட்டது தனிமை நாட்டத்தாலா, நாலுபேர் முன் சுருதி விலகிவிடுமோ என்ற கூச்சத்தாலா? இதற்குத் தாளில் விடை இல்லை.

வகை பிரிப்பது நமக்கும் புதிதல்ல. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு. சமயக் குரவர் நால்வரை அவற்றோடு பொருத்துவதும் வழக்கம். உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அப்பர் சரியைக்கு உரியவர். அதற்காகக் கைத்தொண்டு போதும் என்று அவர் வாய்மூடி இருந்தாரா? நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகள் முழுக்க அவர் பாட்டுதான்.

தியானம் பிடித்திருந்தால் செய்யுங்கள். காலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் ஏது? இந்த வெள்ளிக்கிழமை பஜனைக்கும் போங்கள். பின்வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும். வீடு திரும்பியதும் மனம் எப்படி இருந்தது என்று நோட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள். நாலைந்து வாரம் கழித்து, அந்த நோட்டையும் கல்லூரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.