புரா கிராமம் தரும் பாடம்: உற்றுநோக்கலிலிருந்து கோட்பாடு வரை

விஞ்ஞான முறை என்றதும் ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அம்முறையின் சாரம் கருவிகளில் இல்லை. கண்டதைப் பதிவு செய்தல், பதிவுகளைக் கொண்டு ஒரு கருதுகோளை அமைத்தல், அதனைச் சோதித்தல், சோதனை மறுத்தால் திருத்துதல், பல சோதனைகளிலும் நிலைத்து நின்றதைக் கோட்பாடாக வகுத்தல் என்னும் ஒழுங்கே அதன் சாரமாகும். இவ்வொழுங்கு கிராம வளர்ச்சித் திட்டங்களுக்கும் பொருந்தும் என்பதைப் பெங்களூரில் தொடங்கிய ஒரு முயற்சி விளக்குகிறது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974ஆம் ஆண்டு 'அஸ்திரா' என்னும் அமைப்பு உருவாயிற்று. விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கிராமப் பகுதிகளுக்குப் பயன்படச் செய்வது அதன் நோக்கம். இதற்கு வித்திட்டவர் மின்வேதியியல் அறிஞர் அமுல்ய குமார் ரெட்டி. தும்கூர் மாவட்டம், குனிகல் வட்டத்தில் உள்ள உங்கராவும் அதனைச் சுற்றிய ஊர்களும் இவ்வமைப்பின் ஆய்வுக்களமாயின. அவற்றுள் ஒன்று புரா.

உற்றுநோக்கல்

1977 செப்டம்பரில் புராவில் 56 குடும்பங்கள் இருந்தன, மக்கள்தொகை 357. கிராமத்தின் எரிசக்திச் செலவு எவ்வளவு என்பதே முதல் கேள்வி. வழக்கமான புள்ளிவிவரங்கள் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் போன்று விலைக்கு விற்கப்படும் எரிசக்தியையே பெரிதும் கணக்கிட்டு வந்தன. இவ்வாய்விலோ விறகு, மாடுகளின் உழைப்பு, மனித உழைப்பு ஆகிய அனைத்தும் கணக்கில் சேர்க்கப்பட்டன.

கிடைத்த முடிவு சிந்தனைக்குரியது. மொத்த எரிசக்தியில் சுமார் 89 சதவீதம் விறகிலிருந்து கிடைத்தது. மண்ணெண்ணெயும் மின்சாரமும் சேர்ந்து ஏறத்தாழ 3 சதவீதமே. மனித உழைப்பில் பெண்களின் பங்கு 53 சதவீதம், ஆண்களின் பங்கு 31 சதவீதம், குழந்தைகளின் பங்கு 16 சதவீதம். விறகு பொறுக்குதல், தண்ணீர் சுமத்தல், சமைத்தல் ஆகியவை கணக்கில் ஏறியதும் பெண்களின் உழைப்பு எண்ணாக வெளிப்பட்டது. விறகின் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கியதன்று, பொறுக்கிச் சேர்த்ததே. கிராம மக்கள் சாணத்தை எரித்து வீணாக்குகின்றனர் என்ற பரவலான கருத்தும் இங்குப் பொருந்தவில்லை. புராவில் சாணம் எருவாகவே பயன்பட்டது.

எதனை அளப்பது என்று முடிவு செய்வதே உற்றுநோக்கலின் முதற்படி என்பது இதனால் தெளிவாகும். அளக்கப்படாத உழைப்பு திட்டத்தில் இடம்பெறுவதில்லை.

கருதுகோள்

எரிசக்தியில் மிகப் பெரும் பகுதி சமையலுக்குச் செலவாகிறது. ஊரில் மாடுகள் உள்ளன. சாணத்திலிருந்து எரிவாயு எடுத்தபின் எஞ்சும் குழம்பு எருவாகும். ஆகவே ஊர்ப் பொதுவில் ஒரு சாண எரிவாயுக் கலம் அமைத்தால் சமையல் எரிபொருள் கிடைக்கும். பெண்களின் சுமையும் குறையும். இக்கருதுகோள் நியாயமானது, சோதித்துப் பார்க்கக் கூடியதும் ஆகும்.

சோதனை

எரிவாயுக் கலம் அமைந்தது; சமையலுக்கு வாயு வழங்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கிடைத்த சாணத்தைக் கொண்டு எல்லா வீடுகளின் முழுச் சமையலுக்கும் வேண்டிய வாயுவைப் பெற இயலவில்லை. பற்றாக்குறையாக வாயு கிடைத்தால் விறகைக் கைவிட முடியாது. விறகோ பணச் செலவின்றிக் கிடைப்பது. மக்களின் ஆர்வம் தளர்ந்தது.

இத்தகைய நிலையில் 'மக்கள் ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பை முடிப்பது எளிது. விஞ்ஞான முறை வேறு கேள்வியைக் கேட்கும்: எந்த அனுமானம் தவறியது? இங்கு இரண்டு அனுமானங்கள் தவறின. சாணம் போதுமானது என்பது ஒன்று. அதிக எரிசக்தியைச் செலவழிக்கும் தேவையே மக்களின் முதன்மைத் தேவை என்பது மற்றொன்று. மக்கள் முதலில் வேண்டியது குடிநீர்.

இதன்படி கருதுகோள் திருத்தப்பட்டது. 1987இல் அதே வாயு டீசலுடன் சேர்ந்து ஒரு சிறிய என்ஜினை இயக்கியது. 5 கிலோவாட் மின்னாக்கி ஒன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை இறைத்தது. வீடுகளில் விளக்குகள் எரிந்தன. சாணம் கொண்டுவந்தோருக்கு எடைக்கேற்பச் சிறு தொகை வழங்கப்பட்டது. எருக்குழம்பும் திருப்பித் தரப்பட்டது. அடுப்புக்கு வேண்டிய வெப்பம் மிகுதி. விளக்குக்கும் நீரிறைப்புக்கும் வேண்டிய எரிசக்தி சிறிது. ஆகவே சமையலுக்குப் போதாத சாணம் இவ்விரண்டுக்கும் போதியதாயிற்று.

கோட்பாடு

ஒரு கிராமத்தின் அனுபவம் தனியே கோட்பாடாகி விடாது. பிரேசிலின் கோல்டம்பர்க், சுவீடனின் யோஹான்சன், அமெரிக்காவின் வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ரெட்டி பல நாடுகளின் விவரங்களை ஆராய்ந்தார். எரிசக்தியின் அளவை விட, அது மக்களுக்கு அளிக்கும் வெளிச்சம், நீர், சமைத்த உணவு போன்ற சேவைகளே வளர்ச்சிக்கு அளவுகோல் என்பது அவர்கள் வகுத்த கோட்பாடு. திறன்மிக்க சாதனங்களைப் பயன்படுத்தினால், ஆளுக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் எரிசக்தியைக் கொண்டே அடிப்படைத் தேவைகளுக்கும் மேலான வாழ்க்கைத் தரத்தை எட்டலாம் என்று 1985இல் வெளியான அவர்களது கட்டுரை வாதிட்டது.

கோட்பாடு பிறந்ததுடன் பணி முடிவதில்லை. புராவின் மின் திட்டமும் பிற்காலத்தில் நின்றுபோயிற்று. அதன் படிப்பினைகளை ரெட்டி 2004இல் எழுதினார். கருவி செவ்வனே இயங்கினாலும், அதனை நடத்தும் ஊர் அமைப்பு வலுவாக இராவிடில் திட்டம் நிலைக்காது என்பது புதிய உற்றுநோக்கல். அதிலிருந்து அடுத்த கருதுகோள் பிறக்க வேண்டும்.

வளர்ச்சித் திட்டம் ஒவ்வொன்றும் ஒரு கருதுகோளே. எந்த விளைவு நேர்ந்தால் திட்டத்தின் அனுமானம் தவறு எனக் கொள்ளப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது நன்று. அவ்வாறு எழுதப்பட்டிருந்தால், இலக்கு எட்டப்படாத ஆண்டில் அதிகாரி மக்களைக் குறை கூற வேண்டியதில்லை. எந்த அனுமானத்தைத் திருத்துவது என்பதை அவரே கோப்பில் காணலாம்.