பருவக் கூலியா, நிலைத்த ஊதியமா?

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை ஏறத்தாழ எட்டுத் திங்கள்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுவிடும். இத்தகைய வேலையை, ஊதியம் குறைந்த நிரந்தரப் பணியோடு எவ்வாறு ஒப்பிடுவது? எடுத்துக்காட்டுக் கணக்கொன்றால் காண்போம்.

நாளொன்றுக்கு ரூ.800 வீதம், வேறு பயனேதுமின்றி 200 நாள் உழைப்பவர் பெறுவது ரூ.1,60,000. திங்களுக்கு ரூ.12,000 பெறும் நிரந்தரப் பணியாளர்க்கு ஆண்டுக்கு ரூ.1,44,000. மேலோட்டமாக நோக்கின் முன்னவர் நிலையே மேல்.

ஆயின், பின்னவருக்காக ஓய்வூதியப் பங்கு உட்பட வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்துவது 12 விழுக்காடு, அதாவது ரூ.17,280. ஐந்தாண்டு பணி நிறைவுற்றால், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் ரூ.6,923. ஆகமொத்தம் ரூ.1,68,203!

எனினும் இப்பயன்கள் இன்றே கைக்கு வருவன அல்ல. தம் பங்கான 12 விழுக்காடும் பிடிக்கப்பட, அவர் கையில் கிடைப்பது திங்களுக்கு ரூ.10,560 மட்டுமே. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்திற்கு இது பெருஞ்சுமை. மேலும், மழைக்காலத்தில் மாற்றுத் தொழிலால் ரூ.8,203-க்கு மேல் ஈட்ட வல்லவர்க்குப் பருவ வேலையே ஆதாயம்.

நம் மாணவர் பலரும் நாளை இக்கேள்வியை எதிர்கொள்வர். "கூலி எவ்வளவு?" என்பதோடு நில்லாமல், "வேலையற்ற நாளிலும் அடுப்பெரியுமா?" என்றும் கேட்டறிந்து முடிவெடுத்தலே நன்று.